நடுவர் தீர்ப்பில் சாய்வு உண்டா? சண்டை விளையாட்டுகளைப் புள்ளியியல் கொண்டு ஆராய்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, ஈரோடு, திருப்பூர், சேலம், நாமக்கல், கரூர் என்று கொங்குப் பகுதியில் எங்கே குத்துச்சண்டை, டேக்வாண்டோ, சிலம்பப் போட்டி நடந்தாலும், பரிசளிப்புக்கு முன்பே ஒரு வாக்குவாதம் நடந்துவிடுகிறது. "அவங்க ஊர்ப் பையனுக்கே போட்டுட்டாங்க" என்று ஒரு பக்கம். "தோத்தா எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க" என்று இன்னொரு பக்கம். இரண்டையும் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. கல்லூரியில் புள்ளியியல் நடத்துபவன் என்பதால் பெற்றோர், மாஸ்டர்கள், மாணவர்கள், சில நடுவர்கள்கூட என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஏனுங்க சார், எம்பையன் தெளிவா ஜெயிச்ச ஆட்டம். அஞ்சு நடுவர்ல 4-1ன்னு எதிராளிக்குக் குடுத்துட்டாங்க. இதைக் கணக்குப் போட்டு நிரூபிக்க முடியுங்களா?

அந்த ஒரு ஆட்டத்தை மட்டும் வைத்து முடியாதுங்க. பனியன் கம்பெனியில் ஒரு நாள் ஷிப்டை விட்டுவிட்டு, விடியற்காலை பஸ் பிடித்துப் பிள்ளையைக் கூட்டி வந்தவரிடம் இதைச் சொல்வது எளிதில்லை. அந்தச் சான்றிதழ் கல்லூரி இடத்துக்கும் அரசு வேலையின் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கும் உதவும் என்ற எதிர்பார்ப்பும் அவருக்கு இருக்கும். இருந்தாலும் உண்மை அதுதான்.

உலகமே பார்த்த ஆட்டத்துக்கும் இதே நிலைதான். 1988 சியோல் ஒலிம்பிக்கில் 71 கிலோ பிரிவு இறுதி ஆட்டம். அமெரிக்காவின் ராய் ஜோன்ஸும் தென் கொரியாவின் பார்க் சி-ஹுனும் மோதினார்கள். விழுந்த குத்துகளை எண்ணியவர்கள் ஜோன்ஸுக்கு 86, பார்க்குக்கு 32 என்று கணக்குக் கொடுத்தார்கள். தீர்ப்போ 3-2 என்று பார்க்குக்குப் போனது. அதே ஒலிம்பிக்கின் சிறந்த குத்துச்சண்டை வீரருக்கான வால் பார்க்கர் கோப்பையைத் தோற்றவரான ஜோன்ஸுக்கே கொடுத்தார்கள். தீர்ப்பு தவறு என்று இதை வைத்துத் தைரியமாகச் சொல்லலாம். ஏன் தவறியது? உள்ளூர்க் கூட்டத்தின் சத்தமா, பணமா, திறமைக் குறைவா? அதை அந்த ஓர் ஆட்டத்தின் எண்கள் சொல்லாது.

நம் நாட்டுக் குத்துச்சண்டை வீராங்கனை சரிதா தேவியை எடுத்துக்கொள்ளுங்கள். 2014 இஞ்சியோன் ஆசியப் போட்டியின் அரையிறுதியில் தென் கொரியாவின் பார்க் ஜி-நாவிடம் தோற்றதாக அறிவித்தார்கள். மேடையில் வெண்கலப் பதக்கத்தை ஏற்க மறுத்து அழுதார். அதற்காக ஓராண்டுத் தடையும் பெற்றார். எனக்கு அவருடைய கோபம் நியாயமாகவே படுகிறது. ஆனாலும் சாய்வு என்று எண்களால் பேச வேண்டுமானால், அந்தத் தொடரில் கொரியர்கள் ஆடிய எல்லா ஆட்டங்களின் மதிப்பெண் தாள்களும் வேண்டும். உங்கள் பையனின் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். தனியாக அதற்குப் பலம் இல்லை, நூறு தாள்களோடு சேர்ந்தால் உண்டு.

தவறான தீர்ப்புக்கும் சாய்வுக்கும் என்ன வித்தியாசம்?

தவறு எல்லாப் பக்கமும் விழும். இன்று சிவப்பு உடைக்காரருக்குச் சாதகம், நாளை எதிரே ஆடும் நீல உடைக்காரருக்குச் சாதகம் என்று போய், நிறைய ஆட்டங்களைக் கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய சமமாகிவிடும். சாய்வு அப்படிச் சமமாகாது. ஒரே பக்கம் திரும்பத் திரும்பச் சேர்ந்துகொண்டே போகும்.

ஒரே மஞ்சள் மூட்டையை ஐந்து தராசில் எடை போடுவதாக வைத்துக்கொள்வோம். நான்கு தராசு ஒன்றுக்கொன்று நெருக்கமாகக் காட்ட, ஐந்தாவது மட்டும் எப்போதும் கூடுதலாகக் காட்டினால் அதில் கோளாறு என்று கண்டுபிடித்துவிடலாம். ஐந்தும் ஒரே அளவு கூடுதலாகக் காட்டினால்? மூட்டையின் உண்மையான எடை வேறு வழியில் தெரிந்தாலொழியக் கண்டுபிடிக்கவே முடியாது. நடுவர் ஆராய்ச்சியிலும் இந்த இரண்டு நிலைமைகள்தான் வருகின்றன. தனி ஒருவரின் சாய்வைப் பிடிப்பது ஓரளவு எளிது. எல்லா நடுவர்களுக்கும் பொதுவான சாய்வைப் பிடிக்க மூளையைக் கசக்க வேண்டும். கீழே வரும் பதில்களில் சில இந்த இரண்டாவது சிக்கலைப் பற்றியவை.

இன்னொன்று. சாய்வு என்றதும் நேர்மையின்மை என்று பொருள் கொள்ள வேண்டாம். நம் பக்கத்துப் போட்டிகளில் நடுவர் நாற்காலியில் இருப்பவர்களில் பலர் பழைய ஆட்டக்காரர்கள், உடற்கல்வி ஆசிரியர்கள். ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுத்து, காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆட்டத்துக்கு மேல் ஆட்டமாகப் பார்ப்பவர்கள். தனக்கே தெரியாமல் சாய்பவர்தான் அதிகம்.

எத்தனை ஆட்டங்கள் இருந்தால் நம்பலாம்?

எவ்வளவு சிறிய சாய்வைத் தேடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 100 ஆட்டங்களில் சிவப்பு மூலை 55 முறை ஜெயித்திருக்கிறது என்று வையுங்கள். காசைச் சுண்டிப் பார்த்தாலே 100-க்கு 55 அல்லது அதற்கு மேல் தலை விழ ஏறக்குறைய 18 சதவீத வாய்ப்பு உண்டு. அதை வைத்து ஒருவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. அதே 55 சதவீதம் 1,000 ஆட்டங்களில் வந்தால், அதாவது 550 வெற்றி என்றால், தற்செயலாக அப்படி நடக்க ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவான வாய்ப்பே உண்டு. சதவீதம் ஒன்றுதான். எண்ணிக்கை மாறியதும் அதன் பலம் முற்றிலும் மாறிவிட்டது.

இதற்குச் சிவப்பு நிற ஆராய்ச்சியே நல்ல பாடம். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் குத்துச்சண்டை, டேக்வாண்டோ, இரண்டு வகை மல்யுத்தம் ஆகியவற்றில் யாருக்குச் சிவப்பு, யாருக்கு நீலம் என்பது குலுக்கல் போலவே அமைந்தது. ரஸ்ஸல் ஹில், ராபர்ட் பார்ட்டன் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் சிவப்பு அணிந்தவர்கள் சுமார் 55 சதவீத ஆட்டங்களில் வென்றதாக 2005-இல் எழுதினார்கள். உலகம் முழுக்க அது செய்தியானது. நம் ஊர் மாஸ்டர்கள் சிலர் இன்றும் "சிவப்பு மூலை கிடைச்சா நல்லது" என்கிறார்கள்.

பிறகு 1996 முதல் 2020 வரையிலான ஒலிம்பிக், உலகச் சாம்பியன் போட்டிகளிலிருந்து 6,500-க்கும் மேற்பட்ட ஆட்டங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். அப்போது சிவப்பின் பங்கு சுமார் 50.5 சதவீதம்தான். நெருக்கமான ஆட்டங்களில் மட்டும் ஒரு சதவீதம் போலக் கூடுதல். ஒரே ஒரு தொடரை வைத்துச் சொன்னது இருபத்தைந்து ஆண்டுத் தரவின் முன்னால் கரைந்துவிட்டது. இவ்வளவு நடந்திருக்க, ஒரு மாவட்டப் போட்டியின் முப்பது நாற்பது ஆட்டங்களை வைத்து "நிரூபித்துவிட்டேன்" என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன்.

அப்படியானால் நிறம் நடுவர் கண்ணைப் பாதிக்கவே இல்லையா?

அதற்கு ஆட்ட முடிவுகளைவிட நல்ல சான்று ஒன்று இருக்கிறது. 2008-இல் ஜெர்மனியில் 42 டேக்வாண்டோ நடுவர்களுக்குச் சண்டைக் காட்சிகளைக் காட்டினார்கள். பிறகு அதே காட்சிகளில் கணினி மூலம் சிவப்பை நீலமாகவும் நீலத்தைச் சிவப்பாகவும் மாற்றி மறுபடி காட்டினார்கள். ஆட்டம் ஒன்றே, உதைகளும் அவையே. சிவப்பில் தெரிந்தவருக்குச் சுமார் 13 சதவீதம் கூடுதல் புள்ளி விழுந்தது. முன்பு சொன்ன ஐந்து தராசும் சேர்ந்து தவறும் நிலையைப் பிடிக்க இது அருமையான வழி. நடுவரை நடுவரோடு ஒப்பிடாமல், நிறத்தை மட்டும் மாற்றிவிட்டு அதே நடுவரை அவரோடே ஒப்பிடுகிறார்கள்.

இன்று இதைக் கோபியிலோ பல்லடத்திலோ உட்கார்ந்து செல்போன் எடிட்டிங் செயலியில் செய்துவிடலாம். எங்கள் பக்கத்து மாணவர்கள் யாராவது இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

சொந்த ஊரில் ஆடினால் ஜெயிப்பது எளிது என்கிறார்களே. அது நடுவராலா, இல்லை பையன் தெம்பாக ஆடுவதாலா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். ஏனென்றால் வெறும் வெற்றி சதவீதத்தை வைத்து இந்த இரண்டையும் பிரிக்கவே முடியாது. சொந்த ஊரில் நன்றாகத் தூங்கியிருப்பான், வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டிருப்பான், பஸ் அலுப்பு இருக்காது. உண்மையாகவே நன்றாக ஆடியிருக்கலாம்.

பிரிட்டனில் பால்மர், நெவில், லேன் ஆகிய மூவர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஐரோப்பியச் சாம்பியன் பட்டத்துக்கான தொழில்முறைக் குத்துச்சண்டை ஆட்டங்களை, எப்படி முடிந்தன என்பதை வைத்து மூன்றாகப் பிரித்தார்கள். நாக் அவுட்டில் நடுவருக்கு வேலையே இல்லை, விழுந்தவர் தோற்றார். டெக்னிக்கல் நாக் அவுட்டில் மேடையில் நின்று ஆட்டத்தை நிறுத்தும் ரெஃப்ரியின் முடிவு கொஞ்சம் கலந்திருக்கிறது. புள்ளிக் கணக்கில் எல்லாமே நடுவர் கையில். சமபலமுள்ள இருவர் மோதினால் சொந்த மண்ணில் ஆடுபவர் ஜெயிக்கும் வாய்ப்பு நாக் அவுட்டில் 57 சதவீதம், டெக்னிக்கல் நாக் அவுட்டில் 66, புள்ளித் தீர்ப்பில் 74 என்று வந்தது. மனிதத் தீர்ப்பின் பங்கு ஏற ஏறச் சொந்த ஊர்ச் சாதகமும் ஏறுகிறது. தெம்பு மட்டும் காரணமாக இருந்தால் மூன்றும் பக்கம் பக்கமாக வந்திருக்க வேண்டும்.

2005-இல் வந்த ஆய்வு அது. பின்னர் மயர்ஸ், பால்மர் இருவரும் முய் தாய் என்ற தாய்லாந்துச் சண்டைப் போட்டியில் சில நடுவர்களுக்குச் சத்தம் கேட்காத ஹெட்போன் மாட்டிவிட்டு, மற்றவர்களைக் கூட்டத்தின் சத்தத்தோடு உட்கார வைத்தார்கள். சத்தத்தைக் கேட்டவர்கள் உள்ளூர்க்காரருக்கு ஐந்து சுற்றில் சுமார் அரைப் புள்ளி கூடுதலாகக் கொடுத்தார்கள். அரைப் புள்ளி சின்னதாகத் தெரியலாம். 29-28 என்று முடியும் ஆட்டத்தில் அதுவே முடிவை மாற்றப் போதும்.

நம் போட்டிகளில் விசிலும் தட்டும் கத்தலும் மண்டபத்தையே அதிர வைக்கும். நடுவரின் முதுகுக்குப் பின்னால் ஒரு கிளப் மொத்தமும் நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆட்கள் நிற்கும் இடத்தை நான்கைந்து மீட்டர் தள்ளிவிட ஒரு கயிறு போதும். அதைக்கூட நாம் செய்வதில்லை.

நல்ல பயிற்சி உள்ள மாவட்டம்தானே அதிகம் ஜெயிக்கும்? அதைச் சாய்வு என்று சொல்லிவிடலாமா?

கூடாது. புதிதாக இறங்குபவர்கள் விழும் பெரிய குழி இது. கோவை அணியில் ஆள் அதிகம், பயிற்சி வசதி அதிகம் என்றால், கோவையில் நடக்கும் போட்டியில் அவர்கள் அதிகம் ஜெயிப்பதில் ஆச்சரியம் இல்லை.

ஜூடோவில் இப்படி ஒரு கதை உண்டு. நீல உடை அணிந்தவர்கள் வெள்ளை அணிந்தவர்களைவிட அதிகம் ஜெயிக்கிறார்கள் என்று ஏதென்ஸ் தரவை வைத்து எழுதினார்கள். 2008-இல் டைக்ஸ்ட்ரா, பிரீனன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆட்ட அட்டவணையைத் தோண்டிப் பார்த்தார்கள். பலமானவர்கள் அட்டவணையில் வைக்கப்படும் இடம், முந்தைய ஆட்டத்துக்குப் பிறகு கிடைத்த ஓய்வு நேரம் ஆகியவை நீலத்துக்குச் சாதகமாக அமைந்திருந்தன. அதைச் சரிசெய்து, பெரிய தரவிலும் பார்த்ததும் நிறத்தின் மாயம் காணாமல் போனது.

நம் அட்டவணையிலும் பார்க்க வேண்டியது இதுவே. மேலே எழுதிய பெயருக்குச் சிவப்பு என்று வைத்து, போன வருடச் சாம்பியனையும் மேலேயே எழுதினால், சிவப்பு ஜெயிக்கத்தானே செய்யும்?

ஒரு நடுவர் தன் மாவட்டத்துக்குச் சாய்கிறாரா என்று எப்படிக் கணக்கிடுவது?

பலம் பற்றிய தலைவலி இல்லாத கணக்கு இது. ஒரே ஆட்டத்தை ஐந்து பேர் பார்க்கிறார்கள் அல்லவா? யார் பலசாலி என்பது ஐந்து பேருக்கும் பொது. ஆகவே ஆட்டத்துக்குள்ளேயே ஒப்பிடலாம்.

ஈரோட்டுப் பையன் சிவப்பில், சேலத்துப் பையன் நீலத்தில். மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்கு 9 அல்லது அதற்கும் கீழே. ஈரோட்டு நடுவர் 30-27 என்று சிவப்புக்குப் போடுகிறார், வித்தியாசம் +3. மற்ற நான்கு பேரும் வெளி மாவட்டத்தார். அவர்கள் 29-28, 29-28, 28-29, 29-28 என்று போட்டிருக்கிறார்கள். வித்தியாசங்கள் +1, +1, -1, +1. அந்த நான்கின் சராசரி 0.5. ஈரோட்டு நடுவர் தன் ஊர்ப் பையன் பக்கம் 2.5 புள்ளி விலகியிருக்கிறார்.

இந்த ஆட்டத்தோடு நின்றால் அது வெறும் ஒரு எண். அவர் ஊர்ப் பிள்ளைகள் ஆடிய எல்லா ஆட்டங்களிலும் இந்த விலகலைக் கணக்கிட்டுச் சராசரி எடுங்கள். அப்புறம் அவருக்குச் சம்பந்தமே இல்லாத ஆட்டங்களில், கரூர் பையனும் நாமக்கல் பையனும் மோதியவற்றில், அவர் மற்றவர்களிடமிருந்து எவ்வளவு விலகுகிறார் என்றும் பாருங்கள். சில நடுவர்களுக்கு யார் ஆடினாலும் பெரிய வித்தியாசம் போடும் பழக்கம் உண்டு. அது அவருடைய பாணி, சாய்வு என்று சொல்லக் கூடாது.

கிடைத்த சராசரி தற்செயலா என்று பார்க்கப் பெரிய சூத்திரம் வேண்டாம். ஒவ்வொரு ஆட்டத்திலும் "ஊர்க்கார நடுவர்" என்ற முத்திரையை ஐந்து பேரில் யாராவது ஒருவருக்குக் குலுக்கலில் கொடுத்துச் சராசரியை மறுபடி கணக்கிடச் சொல்லுங்கள். கணினி இதை ஆயிரம் தடவை சில நொடிகளில் செய்துவிடும். அந்த ஆயிரத்தில் நம் உண்மையான சராசரியை எட்டியவை ஐந்தாறுதான் என்றால் விஷயம் கவனிக்கத்தக்கது. முந்நூறு முறை எட்டியிருந்தால் கையை விட்டுவிடலாம். இந்த முறையில் எனக்குப் பிடித்தது, அதை ஒரு மாஸ்டருக்குப் பத்து நிமிடத்தில் விளக்கிவிடலாம் என்பதுதான். குற்றம் சுமத்தப்படுபவருக்கும் புரியும் கணக்காக இருப்பது முக்கியம்.

எல்லா நடுவர்களும் ஒரே மாதிரி போட்டால் தீர்ப்பு சரி என்றுதானே பொருள்?

பாதி சரி. முதலில், "ஒரே மாதிரி" என்பதை அளப்பதிலேயே ஒரு சூட்சுமம் இருக்கிறது. இரண்டு நடுவர்கள் 50 சுற்றில் 40-இல் ஒத்துப்போனார்கள், 80 சதவீதம் என்றால் பிரமாதமாகத் தெரியும். ஆனால் இருவருமே 50-இல் 35 சுற்றைச் சிவப்புக்குக் கொடுத்தவர்கள் என்றால், கண்ணை மூடிக்கொண்டு போட்டாலே 58 சதவீதம் ஒத்துப்போகும். 0.7-ஐ 0.7-ஆல் பெருக்கி, 0.3-ஐ 0.3-ஆல் பெருக்கி, இரண்டையும் கூட்டினால் அந்த 0.58 வரும். தற்செயலுக்கு மேலே அவர்கள் எட்டியது 0.22, எட்டக்கூடியது 0.42. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 0.52. ஜேக்கப் கோஹன் 1960-இல் கொடுத்த கப்பா என்ற அளவு இதுதான். 80 சதவீதம் என்று கேட்டபோது இருந்த நம்பிக்கை 0.52 என்றதும் குறைகிறது, குறையவும் வேண்டும்.

1999 மார்ச்சில் நியூயார்க்கில் ஹோலிஃபீல்டும் லெனாக்ஸ் லூயிஸும் மோதிய தொழில்முறைக் குத்துச்சண்டை ஆட்டத்தில் ஒருவர் 115-113 என்று ஹோலிஃபீல்டுக்கும், ஒருவர் 116-113 என்று லூயிஸுக்கும், மற்றவர் 115-115 என்றும் போட்டு டிரா ஆனது. பார்த்தவர்களில் பெரும்பாலோர் லூயிஸ்தான் ஜெயித்தார் என்றார்கள். அந்த ஒரே ஆட்டத்தை வைத்து, சிறிய மாதிரியில் நடுவர்களின் உடன்பாட்டை எப்படி அளப்பது என்று ஒரு முழு ஆய்வுக் கட்டுரையே 2002-இல் வந்தது.

இரண்டாவது, ஒத்துப்போவதாலேயே சரி என்று ஆகாது. கூட்டத்தின் சத்தம் எல்லார் காதிலும்தான் விழுகிறது.

மெஷின் வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

சியோலுக்குப் பிறகு அப்படித்தான் நினைத்தார்கள். 1992 பார்சிலோனா ஒலிம்பிக் முதல் குத்துச்சண்டையில் ஐந்து நடுவர்களுக்குப் பொத்தான் கொடுத்தார்கள். ஐவரில் மூவர் ஒரு நொடிக்குள் அழுத்தினால்தான் ஒரு குத்து புள்ளியாகும். விளைவு, தெளிவாகத் தெரியும் ஒற்றைக் குத்துகளுக்கு மதிப்பு கூடியது. வேகமாக விழும் கூட்டுக் குத்துகளும் வயிற்றில் விழுபவையும் எண்ணிக்கையில் தொலைந்தன. பிள்ளைகளும் அதற்கேற்ப ஆடக் கற்றுக்கொண்டார்கள். 2013-இல் அதைக் கைவிட்டு, சுற்றை ஜெயித்தவருக்கு 10 கொடுக்கும் 10 புள்ளி முறைக்கு மாறினார்கள். டேக்வாண்டோவில் 2012 லண்டன் முதல் சென்சார் கவசம் வந்தது. அதுவும் உதைக்கும் விதத்தையே மாற்றிவிட்டது.

மெஷின் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மெஷின் வந்த பிறகும் தரவைச் சேர்க்க வேண்டும் என்கிறேன்.

காசு வாங்கிக்கொண்டு தீர்ப்பு சொன்னதைக் கணக்கால் கண்டுபிடிக்க முடியுங்களா?

எங்கே தேட வேண்டும் என்று காட்டும். கையும் களவுமாகப் பிடிக்காது.

நடுவர் சம்பந்தப்படாவிட்டாலும் ஜப்பானின் சுமோ மல்யுத்தம் இதற்குச் சிறந்த உதாரணம். அங்கே ஒரு தொடரில் 15 ஆட்டம். எட்டு ஜெயித்தால் தரவரிசை ஏறும், ஏழோடு நின்றால் இறங்கும். ஆக எட்டாவது வெற்றிக்கு மற்ற வெற்றிகளைவிடப் பல மடங்கு மதிப்பு. மார்க் டக்கன், ஸ்டீவன் லெவிட் என்ற பொருளாதார அறிஞர்கள் 2002-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். கடைசி நாளில் 7-7 என்று நிற்பவர், ஏற்கெனவே எட்டை எட்டிவிட்ட 8-6 காரரோடு மோதினால் பழைய வரலாற்றின்படி ஏறக்குறைய பாதிக்குப் பாதி ஜெயிக்க வேண்டும். உண்மையில் சுமார் 80 சதவீதம் ஜெயித்தார். அதே இருவர் அடுத்த முறை மோதியபோது அவருடைய வெற்றி சுமார் 40 சதவீதத்துக்கு இறங்கியது. கடனைத் திருப்பிக் கொடுத்த மாதிரிதானே இருக்கிறது? ஆனாலும் அது சந்தேகமாகவே நின்றது. 2011-இல் மல்லர்களின் செல்போன் செய்திகள் வெளியே வந்த பிறகுதான் ஆட்ட மோசடி உறுதியாகி, அந்த மார்ச் மாதத் தொடரையே ரத்து செய்தார்கள்.

2016 ரியோ ஒலிம்பிக் குத்துச்சண்டையிலும் அப்படியே. அயர்லாந்தின் மைக்கேல் கான்லன் ரஷ்யாவின் நிகிட்டினிடம் தோற்றதாகச் சொன்னபோது உலகமே கொதித்தது. சில ஆட்டங்கள் திட்டமிட்டு மாற்றப்பட்டன என்பதை கனடா வழக்கறிஞர் மெக்லாரன் நடத்திய விசாரணை 2021-இல் சொன்னது. ஆட்களிடம் பேசி, ஆவணங்களைப் பார்த்துத்தான் அந்த முடிவுக்கு வர முடிந்தது.

சிலம்பத்துக்கு இதெல்லாம் பொருந்துமா?

தாராளமாக. தொடுமுறைப் போட்டியில் கம்பு பட்டதா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்வதால் மேலே சொன்ன அத்தனையும் பொருந்தும். ஒற்றைக் கம்பு, இரட்டைக் கம்பு வீச்சு போன்ற தனித்திறமைப் பிரிவில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. அது ஆடும் வரிசை. பெல்ஜியத்தில் ராணி எலிசபெத் இசைப் போட்டியில் வரிசையைக் குலுக்கலில்தான் முடிவு செய்கிறார்கள். அப்படியிருந்தும் பின்னால் வாசித்தவர்கள் மேலான இடம் பெற்றார்கள் என்று 1996-இல் ஒரு ஆய்வு காட்டியது. பனிச்சறுக்கு நடனத்திலும் இதே போக்கு தெரிந்தது. முதலில் வருபவருக்கு 9.5 போட்டுவிட்டால் பின்னால் வருபவருக்கு இடம் இல்லாமல் போகுமே என்று நடுவர் கையைச் சுருக்குகிறார்.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. மேலே போகப் போக மதிப்பெண் தாள்களை மற்றவர்கள் கேட்பார்கள். வரிசை எண்ணையும் மதிப்பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைக்க இன்றே ஆரம்பிக்கலாம்.

மூன்று நடுவர் போதாதா?

ஒவ்வொரு நடுவரும் பத்தில் எட்டு முறை சரியாகச் சொல்பவர் என்று வைத்தால், தனியாள் 80 சதவீதம், மூவரின் பெரும்பான்மை 89.6 சதவீதம், ஐவர் 94.2 சதவீதம். இதெல்லாம் ஒருவரை ஒருவர் பார்க்காமல், பேசாமல் போட்டால்தான். ஒரே மேசையில் தோளோடு தோள் உட்கார்ந்தால் ஐந்து பேர் இருந்தும் அந்தப் பயன் முழுதாகக் கிடைக்காது. ஐந்தாவது நடுவரைத் தேடுவதற்கு முன் நாற்காலிகளைத் தள்ளிப் போடுங்கள்.

கல்லூரித் திட்டப்பணியாகச் செய்ய விரும்புகிறோம். எங்கிருந்து தொடங்குவது?

தாளிலிருந்து. ஒவ்வொரு வரிசையும் ஒரு நடுவர், ஒரு சுற்று என்று இருக்கட்டும். தேதி, எடைப் பிரிவு, இரு ஆட்டக்காரர்களின் மாவட்டமும் கிளப்பும், மூலை நிறம், நடுவரின் மாவட்டம், அவர் உட்கார்ந்த பக்கம், கொடுத்த புள்ளி, ஆட்டம் முடிந்த விதம். சுற்று வாரியாக எழுதாமல் மொத்தத்தை மட்டும் எழுதினால் பாதித் தகவல் போய்விடும். எக்செல் போதும், முத்திரையைக் குலுக்கும் வேலைக்கு ஆர் (R) அல்லது பைத்தான் (Python) என்ற கணினி மொழி.

எதைச் சோதிக்கப் போகிறீர்கள் என்பதைத் தரவைத் திறப்பதற்கு முன்பே எழுதிக் கையெழுத்துப் போட்டு வழிகாட்டியிடம் கொடுத்துவிடுங்கள். நிறம், ஊர், கிளப், உட்கார்ந்த பக்கம் என்று இருபது கேள்வி கேட்டால் ஏதாவது ஒன்று தற்செயலாகவே பளிச்சென்று தெரியும். அதை மட்டும் எடுத்து அறிக்கை எழுதுவது நியாயமில்லை.

உண்மையான தடை கணக்கில் இல்லை. மதிப்பெண் தாள்கள் பரிசளிப்பு முடிந்ததும் குப்பைக்குப் போகின்றன. போட்டி நடத்துபவரிடம் முன்கூட்டியே பேசி, அன்று சாயங்காலமே எல்லாத் தாளையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ள அனுமதி வாங்குங்கள். முடிவை அவருக்கும் தருகிறோம் என்று சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

சாய்வு தெரியும் நடுவரின் பெயரை வெளியிடலாமா?

வேண்டாம். 40 நடுவர்களைச் சோதிக்கிறீர்கள், எவரிடமும் சாய்வே இல்லை என்று வையுங்கள். தற்செயலாக வரும் வாய்ப்பு 5 சதவீதத்துக்குக் கீழே போனால் சாய்வு என்று வரம்பு வைத்தால் சராசரியாக இரண்டு பேர் சும்மாவே மாட்டுவார்கள். ஒருவராவது மாட்டும் வாய்ப்பு 87 சதவீதம். அந்த இரண்டு பேரும் பள்ளி ஆசிரியர்களாக இருப்பார்கள், அவர்களுக்கும் ஊரில் பெயர் உண்டு. வரம்பை 40-ஆல் வகுத்துக் கடுமையாக்குங்கள். அடுத்த பருவத்தின் புதிய தரவிலும் அதே ஆளிடம் அதே திசையில் விலகல் தெரிகிறதா என்று பாருங்கள்.

அதுவரை பெயருக்குப் பதில் எண் போதும். முதலில் அந்த நடுவரிடமே அவருடைய தாளைக் காட்டுங்கள். "நீங்க போட்டது இது, மத்த நாலு பேரு போட்டது இது" என்று ஆட்டத்தின் வீடியோவோடு பக்கத்தில் வைத்துக் காட்டினால், பேசத் தயாராக இருப்பவர்களே அதிகம். அதற்குப் பிறகு சங்கத்துக்குச் சொல்ல வேண்டியது ஒரு பணியமர்த்தல் விதி மட்டுமே: ஒருவரின் மாவட்டப் பிள்ளைகள் ஆடும் ஆட்டத்தில் அவரை நடுவராகப் போட வேண்டாம்.